ஊசிக்கு முன் ஒரு சொம்பு தண்ணீர்!

ரத்ததானம் செய்யக் கிளம்பும் நாம் மறந்துவிடும் அரை லிட்டர்

முதன்முறை ரத்தம் கொடுத்தபோது எனக்கு 19 வயது. அன்று புரட்டாசி சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கும்வரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கல்லூரியில் ரத்ததான முகாம் என்று நண்பர்கள் கூப்பிட்டார்கள். மாதவரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

"சாப்ட்டியா தம்பி?" என்று செவிலியர் கேட்டார். விரதம் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நண்பன் எச்சரித்திருந்தான். "சாப்ட்டேன் சிஸ்டர்" என்று கூசாமல் பொய் சொன்னேன். பை நிறைந்தது. எழுந்து உட்கார்ந்ததும் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள். விரதத்தை முறிக்க மனமில்லாமல் அதையும் நண்பனிடம் தள்ளிவிட்டேன்.

சைக்கிள் ஸ்டாண்டு வரை நடந்தது நினைவிருக்கிறது. காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்தது. வரிசையாக நின்ற சைக்கிள்கள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன. கண் விழித்தபோது வாட்ச்மேன் அண்ணன் என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, தண்ணிகூட குடிக்காமலா ரத்தம் குடுத்த?" என்றார்.

அதற்குப் பிறகு பலமுறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஒருமுறைகூட மயங்கியதில்லை. வயிற்றில் நாலு இட்லியும், ஊசிக்கு முன் ஒரு சொம்பு தண்ணீரும் இல்லாமல் போவதில்லை என்பதுதான் நான் செய்துகொண்ட மாற்றம். இட்லியை எல்லோரும் நினைவுபடுத்துகிறார்கள். தண்ணீரை நினைவுபடுத்துபவர்கள் குறைவு.

கஞ்சித்தொட்டிக்குப் போகும் ரத்தம்

மாதவரத்திலும் மூலக்கடையிலும் மணலியிலும் யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால், பெரும்பாலும் அவர்கள் ஓடும் இடம் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை. ஆளுநர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், வடசென்னையின் மூத்த தலைமுறைக்கு அது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். 1782-ல் பஞ்சம் தலைவிரித்தாடியபோது பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் தொடர்ச்சியாக வளர்ந்த மருத்துவமனை அது. 1938-ல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. வந்தவருக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுப்பது என்ற வழக்கத்திலிருந்து பிறந்த பெயர், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மக்கள் நாக்கில் இருக்கிறது.

அங்கே போகும் ரத்தம் யாருக்கு என்று பார்த்தால், இந்தப் பகுதியின் வாழ்க்கையே தெரியும். எந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளிகள் ஸ்டான்லிக்கு வருகிறார்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவைசிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் 200 அடி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே அடிபட்டவர்கள் வருகிறார்கள். பக்கத்தில் ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாய்க்கு, வெளியே ஓடி ஆள் தேடும் அவகாசம் கிடையாது. ரத்தம் குளிர்பெட்டியில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

அதை அளவில்லாமல் சேர்த்தும் வைக்க முடியாது. பிரித்தெடுத்த சிவப்பணுக்கள், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 முதல் 42 நாட்கள்வரை தாங்கும். டெங்கு காலத்தில் அதிகம் தேடப்படும் தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாட்கள். ஆக, ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகிறவர் மட்டும் போதாது. திரும்பத் திரும்ப வருகிறவர் வேண்டும். முதல்முறை மயங்கி விழுந்தவர் மறுமுறை வரத் தயங்குகிறார் என்பது ரத்ததானம் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் தெளிவாகத் தெரிந்த செய்தி. லேசான தலைசுற்றல்கூட ஒருவரைப் பின்வாங்க வைக்கிறது. அவர் மட்டுமல்ல, அவர் விழுந்ததைப் பார்த்த நாலு நண்பர்களும் வருவதில்லை.

ஒரு பால் பாக்கெட்டைவிடக் குறைவுதான்

மாதவரம் பால்பண்ணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அளவைப் புரியவைப்பது சுலபம். ரத்ததானத்தில் எடுப்பது 350 மில்லி. உடல் எடை 55 கிலோவுக்கு மேல் இருப்பவர்களிடம் 450 மில்லி வரை எடுக்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைவிடக் குறைவு. நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவரிடம் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை.

பிறகு ஏன் சிலருக்கு மயக்கம் வருகிறது? ரத்தத்தில் 55 சதவிகிதம் பிளாஸ்மா என்னும் திரவம். அந்தப் பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஏழெட்டு நிமிடத்தில் 350 மில்லி வெளியேறும்போது உடம்பு முதலில் இழப்பது அளவை, அதாவது குழாய்களை நிரப்பி அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் நீரை. சாதாரணமாக இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து, ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கி, இந்தக் குறையைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு என்றால் சமாளிக்கக் கையிருப்பு இல்லை.

இதனோடு பயமும் சேரும்போது, வேகஸ் என்ற நரம்பு தலைகீழாக வேலை செய்கிறது. வேகமாகத் துடிக்க வேண்டிய இதயம் மெதுவாகிறது. சுருங்க வேண்டிய குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கால்களில் தேங்குகிறது. மூளைக்குப் போவது குறைகிறது. முகம் வெளுத்து, குமட்டி, வியர்த்து, கண் இருட்டி ஆள் சாய்கிறார். வாட்ச்மேன் அண்ணன் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்ததுதான் சரியான முதலுதவி. படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் தேங்கிய ரத்தம் தலைக்குத் திரும்புகிறது.

பெரும்பாலானோருக்கு இப்படி எதுவும் ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த விஷயம். இளைஞர்கள், முதல்முறை வருபவர்கள், எடை குறைவானவர்கள், பெண்கள், சரியாகத் தூங்காதவர்கள். அதாவது, எந்தத் தலைமுறையை நாம் வருந்தி அழைக்கிறோமோ அவர்கள்தான்.

தண்ணீர் இங்கே இரண்டு வேலை செய்கிறது. குடித்த சில நிமிடங்களிலேயே நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டு ரத்தக் குழாய்களைச் சற்றே இறுக்குகிறது. சுமார் அரை மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும். சரியாக ஊசி போடும் நேரம் அதுதான். குடித்த நீர் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து, இழந்த அளவை ஈடுகட்டுவது இரண்டாவது வேலை. 2007-ல் அமெரிக்காவில் பள்ளி மாணவக் கொடையாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஊசிக்கு முன் 473 மில்லி தண்ணீர் குடித்தவர்களிடையே மயக்கம், தலைசுற்றல் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, ரத்தம் கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் குடிக்கச் சொல்கிறது. தண்ணீர் மயக்கத்தை அடியோடு ஒழித்துவிடாது. குறைக்கும். இவ்வளவு மலிவாக, பக்கவிளைவில்லாமல் குறைக்கும் வழிகள் குறைவு.

இன்னொரு நன்மையும் உண்டு. நீர் போதிய அளவு உள்ள உடம்பில் நரம்பு புடைத்துத் தெரியும். முழங்கையைத் தட்டித் தட்டித் தேடும் சிரமம் செவிலியருக்கும் இல்லை, இரண்டாவது குத்து நமக்கும் இல்லை.

வடசென்னையின் தாகம்

வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் "ரத்தமே சுண்டிப்போச்சு" என்கிறோம். பேச்சுவழக்கில் சொன்னாலும் உடற்கூற்றுக்கு வெகு அருகில் நிற்கும் வார்த்தை அது. வியர்வையாக வெளியேறும் நீர் பிளாஸ்மாவிலிருந்துதான் போகிறது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் காயாது. உடம்பு குளிராது. அதனால் இன்னும் வியர்க்கும். கோடையில் மணலியின் ஆலைகளிலும், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களிலும், மாதவரம் கிடங்குகளிலும் வேலை செய்கிறவர்கள் காலை பத்து மணிக்கே சட்டை நனைந்து நிற்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, தாகம் எடுத்தும் குடிக்காமல் இருப்பது. மாதவரம் லாரி முனையத்தில் நிற்கும் ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். வழியில் வண்டியை ஓரங்கட்ட இடமில்லை என்பதால் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதே இல்லை என்பார்கள். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், தெருவைக் கூட்டும் அக்காக்கள், வீடு வீடாகப் போகும் விற்பனைப் பெண்கள் கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிப் பழகியவர்கள். காலையில் ஒரு டீ, பதினொரு மணிக்கு ஒரு டீ. டீயிலும் தண்ணீர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டீக்கடை கிளாஸில் இருப்பது 100 மில்லிகூடத் தேறாது.

தண்ணீரின் அருமை தெரியாத ஊரும் இல்லை இது. கூப்பிடு தூரத்தில் புழல் ஏரி இருந்தும், 2019 கோடையில் அது வறண்டு வெடித்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். குடும்பத்துக்கு முதலில், தனக்குக் கடைசியில் என்று தண்ணீரைப் பங்கிட்ட தாய்மார்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இந்த உடம்புகள்தான் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வருகின்றன. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், மன்ற ஆண்டு விழா என்று எதற்கும் முதலில் கை நீட்டுபவர்கள் வடசென்னைப் பிள்ளைகள். அந்த ஈரநெஞ்சைப் பற்றி எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனால் சனி இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிய, வெறும் டீயோடு வந்து படுக்கும் தம்பியைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

தேசிய ரத்த மாற்றுக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. விரதத்தில் இருப்பவர் ரத்தம் கொடுக்கக் கூடாது. போதிய தூக்கம் இல்லாத இரவு ஷிப்ட் தொழிலாளி கொடுக்கக் கூடாது. தொலைதூர வண்டி ஓட்டுபவர்களும் கடினமான உடல் உழைப்பில் இருப்பவர்களும் அடுத்த பணிக்கு 24 மணி நேர இடைவெளி விட்டே கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை ரத்தம் கொடுத்த டிரெய்லர் ஓட்டுநர் அன்று இரவே காட்டுப்பள்ளிக்கு லோடு எடுக்கப் போகக் கூடாது என்று பொருள். இந்த ஊருக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் விதி. முகாம் நடத்தும் எத்தனை பேர் இதை வாசலில் எழுதி ஒட்டுகிறார்கள்?

மயக்கம் எப்போதும் படுக்கையிலேயே வருவதில்லை. சிலருக்கு முகாமைவிட்டு வெளியேறிய பிறகு வருகிறது. எனக்குச் சைக்கிள் ஸ்டாண்டில் வந்தது. அதுவே மாதவரம் ரவுண்டானாவில், பைக்கில் போகும்போது, பின்னால் கன்டெய்னர் லாரி வரும் நேரத்தில் வந்தால்? இந்த ஒரு காரணத்துக்காகவே, ஊசிக்கு முன் தண்ணீர் என்பதைச் சௌகரியமாக அல்ல, பாதுகாப்பாகப் பார்க்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய காலம்

ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்த நாடு இது. பசித்த வயிற்றோடு வந்து, சொற்பப் பணத்துக்குத் திரும்பத் திரும்பக் கையை நீட்டிய ஏழைகளின் ரத்தத்தில்தான் பல மருத்துவமனைகளின் தேவை ஓடியது. கொடுப்பவர் உடம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்த பிறகு, ரத்தத்தின் பாதுகாப்பு நாடு தழுவிய கேள்வியானது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ரத்தத்தை விலைக்குக் கொடுக்கும் வழக்கம் 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது.

அன்றிலிருந்து நம் ரத்த வங்கிகள் நம்பியிருப்பது மனமுவந்து வரும் மனிதர்களை. 2023 ஜூன் 2 இரவு, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலாசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளானபோது, உள்ளூர் இளைஞர்கள் இரவோடு இரவாக மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றார்கள். முகம் தெரியாத பயணிகளுக்காகக் கையை நீட்டினார்கள். ஒரு பைசா வாங்காமல் இப்படி வருகிறவரை, விலைக்கு வந்தவரைப் போலவே தாகத்தோடு உட்காரவைத்தால் நாம் எதை மாற்றியிருக்கிறோம்?

தண்ணீர் தீர்க்காதவை

தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறக் கரைசலில் விடுவதை முகாமில் பார்த்திருப்பீர்கள். அது காப்பர் சல்பேட். துளி விறுவிறுவென்று மூழ்கினால் ஹீமோகுளோபின் போதும். மிதந்தாலோ தயங்கினாலோ குறைவு. டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருந்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. "ரத்தம் கம்மி" என்று திருப்பி அனுப்பப்படும் தங்கைகளுக்குத் தேவை முருங்கைக் கீரையும், பயறும், மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையும். அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி வரலாம்.

கொடுத்த பிறகும் கணக்கு இதேதான். இழந்த திரவத்தை உடம்பு ஒன்றிரண்டு நாட்களில் ஈடுகட்டிவிடும், நாம் குடித்தால். சிவப்பணுக்கள் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். இரும்புச்சத்து நிரம்ப இன்னும் நாள் பிடிக்கும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி.

ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா?

● முந்தைய நாள் முழுக்கத் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சள் என்றால் இன்னும் வேண்டும்.

● இரவு நன்றாகத் தூங்குங்கள். மது வேண்டாம்.

● காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுப்பது நல்லது.

● ஊசிக்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர். உப்புப் போட்ட மோர், இளநீர், கஞ்சித் தண்ணீர் என்றாலும் சரிதான்.

● படுக்கையில் இருக்கும்போது காலைக் குறுக்கே போட்டுத் தொடைத் தசையை இறுக்கி விடுங்கள். ரத்தம் கால்களில் தேங்காது.

● முடிந்ததும் கால் மணி நேரமாவது உட்காருங்கள். தரும் ஜூஸை மறுக்காதீர்கள். பைக்கை நண்பரிடம் கொடுங்கள்.

● தலை சுற்றினால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே படுத்துவிடுங்கள்.

● விரதமா? இன்னொரு நாள் வாருங்கள். செவிலியரிடம் பொய் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பந்தலை வாசலுக்குக் கொண்டுவாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மூலக்கடையிலிருந்து மணலிவரை மூலைக்கு மூலை நீர்மோர்ப் பந்தல் முளைக்கும். பானைக்கு மாலை, தர்ப்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, கொத்தமல்லி தூவிய மோர். அந்தப் பந்தலைப் போடும் அதே கட்சிக்காரர்களும் மன்றத்தினரும்தான் ரத்ததான முகாமையும் நடத்துகிறார்கள். ஒன்று தெருமுனையில், மற்றொன்று கல்யாண மண்டபத்தில். கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டு, ரத்தம் கொடுக்க ஆள் குறையும் மே மாதத்தில் இரண்டும் ஒன்றுசேர வேண்டாமா?

கணக்கு எளிது. நூறு பேர் வரும் முகாமில் ஆளுக்கு அரை லிட்டர் என்றால் மொத்தம் 50 லிட்டர். நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேன் மூன்று போதும், மீதியும் இருக்கும். பிளெக்ஸ் பேனருக்கு ஆகும் செலவில் சிறு துண்டுகூட இல்லை. ஜூஸ் மேஜை வெளியேறும் வழியில் இருக்கட்டும், அது வேண்டும். ஆனால் முதல் மேஜை, பெயர் எழுதும் மேஜைக்கும் முன்னால், தண்ணீருக்காக இருக்க வேண்டும். டம்ளர் கொடுத்துக் குடிக்கவைத்த பிறகு படிவத்தை நீட்டுங்கள். படிவம் நிரப்பி, எடை பார்த்து, விரலில் குத்தி, படுக்கை காலியாவதற்குள் அந்த அரை மணி நேரம் தானாகக் கழிந்துவிடும்.

ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனரின் பிறந்தநாளான ஜூன் 14-ஐ உலக ரத்தக் கொடையாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். அப்போதும் சென்னையில் அனல் தணிந்திருக்காது. இந்திய ரத்த மாற்று மருத்துவத்தின் முன்னோடி டாக்டர் ஜே.ஜி. ஜாலியின் பிறந்தநாளான அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். அது புரட்டாசியில் வருகிறது. எங்கோ ஒரு வீட்டில் என்னைப் போல ஒரு பிள்ளை பல்லில் தண்ணீர் படாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

நம் வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டுகிறோம். ரத்தம் கொடுக்க வருகிறவரும் விருந்தாளிதான். முதலில் தண்ணீர் கொடுங்கள்.